சுவருக்குப் பின்னால் ஒரு கிதார்

ஜித்தாவில் எத்தனையோ வருஷமாகக் கல்யாணங்களுக்கு எலெக்ட்ரிக் கிதார் வாசித்துவரும் சிராஜ் ஃபலம்பான், இன்றுவரை ஒரு மணப்பெண்ணின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. பார்க்கவும் கூடாது. பெண்கள் மண்டபம் பெண்களுக்கு மட்டும். பாடகி உள்ளே உட்கார்ந்து பாடுவாள். வாத்தியக்காரர்கள் சுவருக்குப் பின்னால் ஓர் அறையில் உட்கார்ந்து வாசிப்பார்கள். இவர்களுடைய சத்தம் அறையில் இவர்களுக்குக் கேட்பதோடு, ஒயர் வழியாக உள்ளேயும் போகும். அங்கே ஒலிப்பெட்டிக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து, எதைக் கூட்டுவது எதைக் குறைப்பது என்று பார்த்துக்கொள்வாள். பாடகியின் குரலும் பெண்களின் குலவையும் கைதட்டலும் அறையிலுள்ள ஒரு சின்ன ஸ்பீக்கரில் இவர்களுக்கு வந்து சேரும். பாட்டை இழுக்கலாமா, முடிக்கலாமா என்பதை அந்தச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதிதாகப் பார்க்கிறவனுக்கு இது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருக்கும். பழகியவர்களுக்கு ஒன்றுமில்லை. தேநீரும் பேரீச்சம்பழமும் ஒரு சின்னக் கதவு வழியாக வரும். ஸ்பீக்கரில் குலவை கேட்டால் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள்.

வாசித்தது எப்படியிருந்தது என்ற தீர்ப்பு மறுநாள்தான் வரும். சாயங்காலம் அப்துல்ஹை வீட்டு முன்னறையில் எல்லோரும் கூடுவார்கள். அப்துல்ஹை ஆர்கன் வாசிப்பவர், கோஷ்டிக்குத் தலைவர். ஒவ்வொருவன் வீட்டிலும் மனைவியோ தங்கையோ கொழுந்தியாளோ யாராவது அந்தக் கல்யாணத்துக்குப் போயிருப்பார்கள். அவர்கள் சொன்னதை வந்து ஒப்பிப்பார்கள். ஆர்கன் காதைக் கிழித்ததாம். தப்லா நடுவில் தூங்கிப்போனதாம். மணப்பெண் வரும்போது மேளம் ஓடின ஓட்டத்தில் அவள் உடுப்பு தடுக்கி விழப்பார்த்தாளாம். மேளக்காரன் முகம் தொங்கும். மற்றவர்கள் சிரிப்பார்கள். அடுத்த கல்யாணத்தில் திருத்திக்கொள்வார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதை இவர்கள் தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது.

சிராஜுக்கு மட்டும் தீர்ப்பு வந்ததே இல்லை. அவர் வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லப் பெண் என்று யாரும் இல்லை. மற்றவர்கள் வீட்டுப் பெண்களும் கிதாரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. குறை இருந்தால் சொல்லாமலா விடுவார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். பேசாமல் தன் கிதாரை உறையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். அந்த மௌனத்தைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு இத்தனை காலம் ஓட்டிவிட்டார் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் தனியாக இருக்கிற மனிதனுக்கு எதையாவது பாராட்டாக எடுத்துக்கொள்ளாமல் எப்படிப் பொழுது போகும்?

எப்போதும் தனியாக இருந்தவர் இல்லை. துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்தார், மனைவி இருந்தாள், தஹானி என்று ஒரு மகள் பிறந்தாள். விடுமுறை ராத்திரி ஒவ்வொன்றும் ஊரார் கல்யாணத்துக்கே போனதில் மனைவிக்கு வெறுத்துப்போயிற்று. பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. ஒருநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் அப்பா வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. பிறகு மணவிலக்காகி, பாஜாபிர் என்கிற துணிவியாபாரிக்கு வாழ்க்கைப்பட்டாள். பாஜாபிர் நல்ல மனிதர். தஹானியைத் தன் பிள்ளைபோலவே வளர்த்தார், படிக்கவைத்தார், வெள்ளிக்கிழமை தோறும் காரில் கொண்டுவந்து சிராஜின் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்தாவது மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போயிற்று சிராஜுக்கு.

தஹானிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது பாஜாபிரே போன் செய்து முறையாகச் சொன்னார். தகப்பன் என்ற முறையில் கல்யாண ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட சிராஜ் போனார், மாப்பிள்ளை வீட்டாரோடு உட்கார்ந்து காப்பி குடித்தார். பையன் பல் டாக்டர், மரியாதை தெரிந்தவன். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது, மண்டபத்தில் மணப்பெண்ணைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போவது யார் என்ற பேச்சு வந்தது. இப்போதெல்லாம் தகப்பன் உள்ளே போய் நடத்திக்கொண்டு போவதுண்டு. முன்கூட்டியே அறிவித்துவிட்டால் பெண்கள் கருப்பு அபாயாவை எடுத்துப் போர்த்திக்கொள்வார்கள். அறையில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை சிராஜால் தாங்க முடியவில்லை. யாராவது பாஜாபிர் பேரைச் சொல்லித் தன்னைச் சங்கடப்படுத்துவதற்கு முன்னால் தானே முந்திக்கொண்டு, பாஜாபிர் நடத்திக்கொண்டு போகட்டும், தான் அவள் நடைக்கு வாசிக்கப்போவதாக அறிவித்துவிட்டார். எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். தஹானி பக்கத்து அறையில் இருந்தாள், அவள் முகம் அவருக்குத் தெரியவில்லை.

சொன்ன பிறகு சிராஜுக்கு அதுவே பெரிய விஷயமாகிவிட்டது. இப்போதெல்லாம் மணப்பெண் நடைக்கு எல்லோரும் பதிவுசெய்த பாட்டைத்தான் போடுகிறார்கள். கணினியில் மணப்பெண் பேரைச் சேர்த்துக் கொடுக்கக் கடைகள் இருக்கின்றன. அவர் மகள் மட்டும் அவர் விரலிலிருந்து வருகிற பாட்டுக்கு நடப்பாள். இருபது வருஷம் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அள்ளி அள்ளிக் கொடுத்தும் நிறையாத ஏதோ ஒன்றை அந்த ஒரு நடையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய டிலே பெடல் உயிரைவிட்டது. மேளக்காரன் சூடான தேநீரை அதன் தலையில் கவிழ்த்ததுதான் காரணம். காலடியில் கிடக்கிற ஒரு சின்னப் பெட்டி அது. நாம் வாசித்த சுரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, சற்றுப் பொறுத்து அதைத் திருப்பிச் சொல்லும். மறுபடி சொல்லும். சொல்லச் சொல்ல மங்கி அடங்கும். தனிக் கிதார் ஒரு பெரிய மண்டபத்தில் எலும்பும் தோலுமாக நிற்கும். எதிரொலி சேர்ந்தால்தான் சதை பிடிக்கும். சிராஜின் அடையாளமே அதுதான் என்று கோஷ்டியில் சொல்வார்கள், அதாவது அறைக்குள்ளே சொல்வார்கள்.

பெடல் வாங்க ஃபத்ஹியின் கடைக்குப் போனார். ஃபத்ஹி எகிப்துக்காரன், வாய் கடையைவிடப் பெரியது. புத்தம் புதிய ஜப்பான் பெடலை எடுத்து முதலில் நீட்டினான். விலையைக் கேட்டதும் சிராஜ் அதைச் சூடுபட்டவர்போலத் திருப்பி வைத்துவிட்டார். ஓய்வூதியத்தில் அதற்கெல்லாம் இடமில்லை. கைக்கு எட்டுகிற விலையில் இருந்தவை மூன்று. தன் கிதாரையே கொண்டுபோயிருந்தார். அறியாத கிதாரில் பெடலைச் சோதிப்பது அடுத்தவன் செருப்பைப் போட்டுக்கொண்டு தரையைச் சோதிப்பதுபோல என்பார் அவர்.

முதல் பெடல் மின்சாரத்தில் சொருகியதுமே வண்டுபோல ரீங்கரித்தது. மண்டபங்களில் இருக்கிற வயரிங்குக்கு அது ரீங்காரத்தோடு நிற்காது என்று அதைத் தள்ளிவிட்டார். இரண்டாவது, யாரோ கைமாற்றிவிட்டுப் போன பழைய அனலாக் பெடல். பெயின்ட் உரிந்திருந்தது, ஒரு குமிழைக் காணோம். ஆனால் தந்தியை ஒருமுறை தட்டியதும் சிராஜ் கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் சுரம் கொஞ்சம் மங்கி, கொஞ்சம் இளகி, யாரோ பேசிக்கொண்டே தள்ளிப் போவதுபோலப் போயிற்று. இடது காலால் தாளம் போட்டுக்கொண்டு, எதிரொலி தட்டுக்குத் தட்டுச் சரியாக விழுகிறவரை குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். கடையில் இருந்த மற்றவர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

மூன்றாவது ஒரு பிளாஸ்டிக் டப்பா, விலையில் பாதி. எதிரொலி மங்கவே மங்காது. தகரத்தில் ஆணி விழுந்த மாதிரி, கடைசிவரை அதே கூர். அதை விற்க ஃபத்ஹி கைவசம் ஒரு வித்தை வைத்திருந்தான். ஒரு சின்னத் துண்டை வாசித்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தால், பெடல் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டே இருக்கும்.

“வாத்தியாரே, அழுத்திட்டு நீங்க பாட்டுக்கு எழுந்து போயிடலாம். டீ குடிச்சிட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டு வாங்க. அது பாட்டுக்கு வாசிச்சிட்டு இருக்கும்.”

“எழுந்து போறதுக்கா தம்பி நான் வாசிக்கறேன்?” என்றார் சிராஜ்.

பழைய அனலாக் பெடலையே பேரம் பேசி வாங்கினார். குமிழில்லாத இடத்துக்கு ஃபத்ஹி வேறெதிலிருந்தோ ஒன்றைப் பிடுங்கிப் பொருத்திக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நாள் சிராஜ் கடைக்குப் போய் ரொட்டி வாங்குவதைக்கூட மறந்து வாசித்தார். மகள் நடைக்கென்று மூன்று பகுதியாக ஒரு மெட்டுக் கட்டினார். மண்டப வாசலில் அவள் நிற்கும்போது ஒன்று, நடக்கும்போது ஒன்று, மணமேடையில் ஏறும்போது ஒன்று. அந்த வீட்டில் அவர் கேள்வி கேட்டுப் பதில் வந்து ரொம்ப நாளாகிறது. இப்போது அவர் தட்டினால் ஏதோ ஒன்று திருப்பிச் சொன்னது. தான் சொன்னதைத்தான் சொல்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் விளக்கைப் போடாமல்கூட உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எவ்வளவு தனியாக இருந்தார் என்பதை அவரே அப்போதுதான் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை தஹானி வந்தாள். இப்போது அவளே கார் ஓட்டுகிறாள். பாலில் வெந்த சோறும் கோழியுமாகச் சலீக் செய்து சூடாறாமல் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அவர் சாப்பிடுகிறவரை எதிரில் உட்கார்ந்து மாப்பிள்ளையைக் கேலி செய்துகொண்டிருந்தாள். இவள் ஒரு சொத்தைப் பல்லும் இல்லாமல் இருப்பதில் அவனுக்கு வருத்தமாம், தொழில் மரியாதை போய்விட்டதாம். சிராஜ் சிரித்தார். அப்புறம் அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள், எழுந்தவள் போகாமல் அங்கேயே நின்றாள்.

“பாபா, என்னை யாரு கூட்டிட்டுப் போறது?”

“பாஜாபிர்தாம்மா. அன்னிக்கே பேசியாச்சே. வளர்த்த மனுஷன். அவருதான் முறை.”

“அவரு வர்றேன்னுதான் சொல்றாரு. நான்தான் இன்னும் சரின்னு சொல்லல.”

அவள் எதைக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. ஆனால் வாயில் வந்ததென்னவோ வேறு.

“நான் வாசிக்கணுமேம்மா. ரெண்டு எடத்துல எப்படி இருக்க முடியும்?”

“ஆமா. வாசிக்கணும்,” என்றாள் தஹானி. உள்ளே போய்த் தட்டைக் கழுவி வைத்தாள், அவர் நெற்றியில் முத்தமிட்டாள், சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கதவு சாத்திய பிறகு சிராஜ் தன்னைத் தானே திட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது. அந்தப் பெண் கேட்டே விட்டாள். வாய்விட்டுக் கேட்டாள். அதற்கு இந்தக் கிழட்டு மனிதர் கிதாரைச் சாக்காக வைத்து, தனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவள் அம்மாவிடமும் அன்றைக்கு இதையேதான் சொன்னார். வேலை இருக்கிறது, வாசிக்கணும். முதல் தடவை ஒரு குடும்பம் போயிற்று. இப்போது போனது எதுவென்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. போன் செய்து நானே வருகிறேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் வாசிப்பு போகும். எல்லோர் முன்னாலும் கொடுத்த வாக்கு போகும். அதைவிட, அவளுக்குக் கொடுக்க அவரிடம் இருந்த ஒரே சொத்து போகும். வெறுங்கையை வீசிக்கொண்டு பாஜாபிரின் இடத்தில் போய் நிற்பதா? அன்று ராத்திரி அவர் படுத்தாரே தவிர தூங்கவில்லை.

காலையில் ஃபத்ஹி கடையைத் திறக்கும்போது சிராஜ் பழைய பெடலோடு வாசலில் நின்றார்.

“என்ன வாத்தியாரே, குமிழு கழண்டுடுச்சா?”

“அந்தப் பிளாஸ்டிக் டப்பா இருக்கா?”

ஃபத்ஹிக்கு ஒரு கேலி நாக்கு நுனிவரை வந்திருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கினான். டப்பாவை எடுத்துக் கொடுத்து, பொத்தானை எப்படி அழுத்த வேண்டும் என்று இரண்டாம் முறை பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். பழைய பெடலை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்துவிட்டு சிராஜ் டப்பாவுக்கு ஈடாகக் கல்லாமேல் வைத்தார்.

டப்பா ஒரு சின்னத் துண்டைத்தான் பிடித்து வைக்கும். நாலு தாளக்கட்டுக்கு மேல் போனால் முதலில் வாசித்தது உதிர்ந்துவிடும். அதனால் மூன்று பகுதி மெட்டை வெட்டினார். வாசலில் நிற்பதற்கான பகுதி போயிற்று, மேடை ஏறுகிற பகுதி போயிற்று. நடப்பதற்கான பகுதியிலும் நடுவாந்திரத்தில் உள்ள ஒரு கைப்பிடி மட்டும் மிஞ்சியது. அதுவும் சுற்றி வந்து சேரும்போது தொடக்கமும் முடிவும் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் விக்கல் எடுத்ததுபோல இருக்கும். ஒரு நாள் முழுக்க அந்த ஒட்டைத்தான் சரிசெய்தார். ஒத்திகையில் மேளக்காரர்கள் முணுமுணுத்தார்கள். இதுவரை பாடகி பின்னால் ஓடினோம், இனி ஒரு டப்பா பின்னால் ஓட வேண்டுமா என்று கேட்டார்கள். அப்துல்ஹை அவர்களை அதட்டி அடக்கினார். அவர் சிராஜை மட்டும் ஏதோ சொல்ல வந்தவர்போல இரண்டு மூன்று தடவை பார்த்தார், சொல்லவில்லை.

தஹானிக்கு டப்பா வாங்கிய அன்றைக்கே போன் செய்து சொல்லிவிட்டார். வாசிக்கவும் செய்வேன், வரவும் செய்வேன் என்றார். எப்படி என்று அவள் கேட்கவில்லை.  பாஜாபிரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னாள். அந்த மனிதர் அதையும் பெருந்தன்மையாகவே எடுத்துக்கொண்டார், பாவம்.

கல்யாணத்தன்று மற்றவர்கள் வழக்கமான நீள வெள்ளை அங்கியில் வந்திருக்க, சிராஜ் அதன்மேல் தங்கச் சரிகை ஓரம் வைத்த கருப்பு மிஷ்லஹ் மேலாடையைப் போர்த்திக்கொண்டு வந்து கிதாரை மடியில் வைத்தார். மணப்பெண்ணின் தகப்பன் உடுப்பு அது. சரிகை தந்தியில் சிக்கியது. மேளக்காரன் எழுந்துவந்து துணியைத் தோளுக்குப் பின்னால் மடித்துவிட்டான், அன்று யாரும் கேலி செய்யவில்லை. ஸ்பீக்கரில் அறிவிப்பு வந்தது. மணப்பெண் தகப்பனாருடன் வருகிறாள், சகோதரிகளே, போர்த்திக்கொள்ளுங்கள். சிராஜ் பிஸ்மில்லாஹ் சொல்லி அந்த நாலு தாளக்கட்டை வாசித்தார், பொத்தானை அழுத்தினார். டப்பா பிடித்துக்கொண்டது. ஒட்டு தெரியாமல் ஒரு சுற்று, இரண்டு சுற்று. மேளம் சேர்ந்தது, ஆர்கன் சேர்ந்தது. கிதாரை நாற்காலியில் சாய்த்துவிட்டு எழுந்தார்.

அப்துல்ஹை வாசித்துக்கொண்டே தலையை நிமிர்த்தினார்.

“டேய் சிராஜ். உள்ளே போனா எது கேக்குது எது கேக்கலன்னு பாத்துட்டு நிக்காதே. அவ கையைப் புடிச்சிட்டு நடந்துட்டே இரு.”

நண்பனுக்குப் பதற்றம் என்று சிராஜ் நினைத்துக்கொண்டார்.

நடைபாதையைச் சுற்றிக்கொண்டு மண்டப வாசலுக்கு வந்தார். தஹானி வெள்ளை உடுப்பில் நின்றிருந்தாள். அவர் முதன்முதலாகப் பார்க்கிற மணப்பெண் அவள்தான். கையை நீட்டினார். அவள் கை சில்லென்று இருந்தது. கதவைத் திறந்தார்கள்.

அவர் நினைத்ததைவிட மண்டபம் மிகப் பெரியது. பளிங்குத் தரை, கண்ணாடிச் சுவர்கள், எட்டாத உயரத்தில் கூரை. கருப்புப் போர்த்திய நூற்றுக்கணக்கான பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். குலவை எழுந்தது. முப்பது வருஷம் சின்ன ஸ்பீக்கரில் கேட்ட குலவை முழு உருவத்தோடு அவர்மேல் வந்து மோதியது. மேளம் இடித்தது. ஆர்கன் மிதந்தது. கிதார் கேட்கவில்லை.

முதலில் டப்பா நின்றுவிட்டது என்று நினைத்தார். ஆனால் மேளம் டப்பாவின் காலத்தில்தான் போய்க்கொண்டிருந்தது, இம்மியும் பிசகாமல். ஒயர் பிடுங்கிக்கொண்டதோ என்று பார்வையால் தேடினார். ஓரத்தில் ஒலிப்பெட்டிக்கு முன்னால் இருந்த பெண் பதற்றமே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் கெட்டுப்போனதாக அவள் முகத்தில் இல்லை. சிராஜின் கால் பின்வாங்கியது. ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று தோன்றியது. தஹானி கையை விடவில்லை.

“போகாதீங்க பாபா. ஒண்ணும் கெட்டுப்போகல.”

“கிதார் வரலையேம்மா.”

“வராது பாபா. எந்த மண்டபத்துலயும் வராது.” அவள் முகத்தைச் சிரித்தமாதிரி வைத்துக்கொண்டு, உதடு அசையாமல் பேசினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “இந்தப் பளிங்கு இருக்கே, இதுவே ஒண்ணைப் பத்தாக்கும். உங்க எக்கோவும் சேந்தா எல்லாம் குழம்பிடும். அதனால உள்ளே இருக்கறவங்க கிதாரை மட்டும் மூடிடுவாங்க. எப்பவும் அப்படித்தான்.”

எப்பவும் என்ற சொல் அவருக்குள் இறங்க நேரமாயிற்று. மற்றவர்கள் வீட்டுப் பெண்கள் கிதாரைப் பற்றி ஏன் ஒன்றும் சொன்னதில்லை என்பது இறங்கியது. அப்துல்ஹைக்குத் தெரியும் என்பதும் இறங்கியது. மயிரிழை மயிரிழையாகக் குமிழைத் திருப்பித் திருப்பி, தன் வாசிப்பைத் தானே மூடவைத்திருக்கிறார். இத்தனை வருஷம், இத்தனை கல்யாணம், ஒரு பெண்ணுக்குக்கூடக் கேட்கவில்லை. 

“தெரிஞ்சும் ஏம்மா வாசிக்க விட்டே?”

“நீங்களாத்தானே வாசிக்கறேன்னு சொன்னீங்க. வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல.” அவள் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “அப்புறம், எனக்குக் கேக்கும் பாபா.”

“எப்படிக் கேக்கும்?”

“டீ போற சின்னக் கதவு இருக்குல்ல, அந்தச் செவுத்துகிட்ட உக்காந்தா உங்க ரூம்லேருந்து நேரா கேக்கும். சின்ன வயசுலேருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் நான் அங்கதான் உக்காருவேன். அம்மா தேடித் தேடி வந்து திட்டுவாங்க.”

மணமேடைக்கான பாதை மண்டபத்தின் நடுவில் மலர் தூவி நேராகப் போனது. தஹானி அதில் காலை வைக்கவில்லை. உடுப்பின் வாலை ஒரு கையால் அள்ளிக்கொண்டு, மறு கையால் தகப்பனை இழுத்துக்கொண்டு, மேஜைகளுக்கு நடுவே வலப்பக்கச் சுவரை நோக்கித் திரும்பினாள். குலவை பாதியில் தடுமாறி நின்றது. பெண்கள் அவசரமாக நாற்காலிகளை நகர்த்தி வழிவிட்டார்கள். சுவரோரம் போனதும் அவள் நின்றாள்.

சின்னக் கதவின் இடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. சன்னமாக, தகரம்போல, மங்காமல், அந்த நாலு கட்டு. முடிந்தது, தொடங்கியது. சிராஜ் தன் வாசிப்பைச் சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டு நின்றார். இரண்டு சுற்று முடியும்வரை அவர் அழுததை யாரும் பார்க்காதபடி தஹானி தன் முகத்திரையை அவர் பக்கமாக இழுத்து மறைத்துக்கொண்டாள்.

பிறகு இருவரும் மேடையை நோக்கி நடந்தார்கள். சுவரைவிட்டு நாலடி விலகியதுமே கிதார் கேட்கவில்லை. அவர் அதற்குப் பிறகு காதுகொடுத்துத் தேடவும் இல்லை, மகளின் நடைக்குத் தன் நடையைச் சரிசெய்துகொண்டு போனார்.